படைக்கலத்தின் அறமும் பகைவனின் உயிரும்

போரில் நிகழும் கொலைக்கான பழி கொன்றவனின் நெஞ்சை மட்டும் சேர்வதா, அவன் கையிலிருந்த கருவியையும் சேர்வதா என்ற கேள்வி, பல நாடுகளின் சமயச் சிந்தனையாளர்களை நெடுங்காலமாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. வாளுக்கு அறிவில்லை, ஏந்துபவனுக்கே அறிவுண்டு, ஆகவே நன்மையும் தீமையும் ஏந்துபவனையே சாரும் என்பது எளிதில் கிடைக்கும் விடை. இந்த விடையோடு பழைய அறநூல்கள் நிறைவடையவில்லை. வாளையும் வேலையும் அனுமதித்த அதே நூல்கள் சிலவகை அம்புகளை விலக்கின. வீரத்தைப் போற்றிய அதே சமயங்கள் சில கருவிகளைக் கடவுளுக்கு வெறுப்பானவை என்றன. அந்த விலக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, படைக்கலத்தைப் பற்றிய அறம் எவ்வளவு ஆழமாகச் சிந்திக்கப்பட்டது என்பதும், அது எந்த இடத்தில் வழுக்கி விழுந்தது என்பதும் ஒருசேரத் தெளிவாகின்றன.

பொது ஆண்டின் தொடக்கத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் உருப்பெற்றதாகக் கருதப்படும் மனுஸ்மிருதி, அரச தருமத்தைக் கூறும் 7-ஆம் இயலில், போரிடும் அரசன் நான்கு வகைப் படைக்கலங்களைக் கையாளக் கூடாது என்கிறது. கட்டைக்குள்ளோ வேறு பொருளுக்குள்ளோ மறைத்துவைத்த கூரிய ஆயுதம், பிடுங்கும்போது தசையைக் கிழிக்கும்படி பின்னோக்கி வளைந்த முட்களைக் கொண்ட அம்பு, நஞ்சு தோய்த்த அம்பு, முனையில் தீ எரியும் அம்பு ஆகியவை அந்த நான்கு. இதை அடுத்து, கைகூப்பியவன், உறங்குபவன், கவசம் இழந்தவன், ஆயுதம் முறிந்தவன், வேறொருவனோடு பொருதுகொண்டிருப்பவன், போரை வேடிக்கை பார்ப்பவன், புறங்காட்டி ஓடுபவன் என்று கொல்லத்தகாதவர்களின் நீண்ட பட்டியல் வருகிறது. எதைக் கொண்டு கொல்லலாம் என்ற கேள்வியும் யாரைக் கொல்லலாம் என்ற கேள்வியும் அங்கே ஒரே தொடர்ச்சியாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

விலக்கப்பட்ட நான்கு கருவிகளையும் பிணைப்பது எது என்று ஆராய்ந்தால் ஒரு தெளிவான கருத்து கிடைக்கிறது. ஒரு வீரனைப் போரிட இயலாதவனாக்க ஒரு சாதாரண அம்பே போதும். பின்முள் கொண்ட அம்போ, அவன் வீழ்ந்த பிறகும் மருத்துவன் அதைப் பிடுங்கும் நேரம்வரை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நஞ்சு, அவன் சரணடைந்த பிறகும் அவனைக் கொல்கிறது. தீ, அவனைத் தாண்டி அவனருகில் உள்ளவற்றையும் பற்றுகிறது. மறைத்துவைத்த ஆயுதம், எதிர்த்து நிற்பதா பணிவதா என்று முடிவெடுக்கும் வாய்ப்பையே அவனிடமிருந்து பறிக்கிறது. எய்தவன் மனம் மாறி இரக்கம் கொண்டாலும் இந்தக் கருவிகள் மாறா. பணிந்தவனைக் கொல்லாதே என்ற கட்டளையைக் கடைப்பிடிக்க முடியாதபடி செய்யும் கருவியைக் கையில் எடுப்பதே அக்கட்டளையை முன்கூட்டியே மீறுவதாகும். ஆகவே கருவிக்கு அறிவில்லை என்பது உண்மையானாலும், அதைச் செய்தவனின் முடிவு அதன் வடிவத்திலேயே உறைந்திருக்கிறது என்பதும் உண்மை.

இதற்கு மாறாக, எண்ணத்தையே அளவுகோலாகக் கொண்ட சிந்தனையும் வலுவாக இருந்தது. 8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹனஃபி என்னும் இஸ்லாமியச் சட்ட மரபின் அறிஞர் அல்-ஷைபானீ, போர்ச் சட்டங்களை விரிவாக ஆராய்ந்த இடத்தில், பெரும் கற்களை எறியும் கவண்பொறிகளால் கோட்டை நகரைத் தாக்குவதை அனுமதித்தார். உள்ளே குழந்தைகளும் முஸ்லிம் கைதிகளும் இருந்தாலும், தாக்குபவரின் குறி போரிடுவோர் மீதே இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்ற நபிமொழிக்கும், ஆளைப் பிரித்தறிய இயலாத பொறிக்கும் இடையே எழுந்த முரணை எண்ணத்தின் தூய்மையால் இணைக்க முயன்ற முடிவு இது. மதிலுக்கு அப்பால் விழும் கல் எய்தவனின் எண்ணத்தைச் சுமந்து செல்வதில்லை என்ற இடர்ப்பாடு மட்டும் தீராமல் நிற்கிறது.

கருவியையே பெயரிட்டு விலக்கிய நிகழ்வுகளில் மிகவும் புகழ்பெற்றது ஐரோப்பாவில் 1139-இல் நடந்தது. திருத்தந்தை இரண்டாம் இன்னோசென்ட் உரோமையில் கூட்டிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், தன் 29-ஆம் விதியில், குறுக்குவில்லாளரும் வில்லாளரும் பயிலும் கலையைக் கொடியதென்றும் கடவுளுக்கு வெறுப்பானதென்றும் கண்டித்து, மீறுவோரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாக அறிவித்தது. குறுக்குவில் என்பது ஒரு மரத்தண்டின் முனையில் வில்லைக் கிடையாகப் பொருத்தி, இழுத்த நாணை ஒரு கொளுவியில் மாட்டிவைத்து, கீழுள்ள விசையை அழுத்தி எய்யும் கருவியாகும். நெடுவில்லைத் திறம்பட வளைக்கப் பல ஆண்டுப் பயிற்சியும் தோள்வலிமையும் வேண்டும். குறுக்குவில்லைக் குறுகிய காலத்தில் கற்றுக்கொண்ட கூலிவீரன், சிறுவயது முதல் போர் பயின்று விலையுயர்ந்த இரும்புக் கவசம் பூண்டு வரும் குதிரைவீரனைத் தொலைவிலிருந்தே வீழ்த்திவிட முடிந்தது. பைசாந்தியப் பேரரசரின் மகளான அன்னா கொம்னேனா, அதே நூற்றாண்டில் தந்தையின் வரலாற்றை எழுதியபோது, மேற்கிலிருந்து வந்த இக்கருவியைப் பேய்த்தனமானதாகவே வருணித்தார்.

லாத்தரன் விதியின் உயிர்நிலை அதன் கண்டனத்தில் இல்லை. அது சேர்த்துக்கொண்ட வரம்பில் இருக்கிறது. அந்தக் கலையைக் கிறிஸ்தவர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் எதிராகக் கையாளக் கூடாது என்பதே விதி கூறியது. சிலுவைப்போர்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில், கீழைநாட்டு முஸ்லிம்கள் மீது அதே அம்புகளை எய்வதற்கு அந்த விதி குறுக்கே நிற்கவில்லை. கடவுளுக்கு வெறுப்பான ஒரு கொடுமை, துளைக்கப்படும் உடலின் சமயத்தைப் பொறுத்து வெறுப்பற்றதாக மாறுமென்றால், வெறுக்கப்பட்டது கொடுமை அன்று. தம்மவர்க்கு அது நேர்வதே வெறுக்கப்பட்டது. இப்படிப்பட்ட தடை தம்மவரிடையேயும் நிலைக்கவில்லை. ஜெனோவா நகரத்துக் குறுக்குவில்லாளர்கள் ஐரோப்பியப் போர்களில் கூலிக்கு அமர்த்தப்பட்டார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1199-இல் பிரான்சில் சாலூஸ் கோட்டையை முற்றுகையிட்டபோது குறுக்குவில் அம்பு தைத்த புண்ணாலேயே இறந்தார். 1215-இன் மாக்னா கார்ட்டா அயல்நாட்டுக் குறுக்குவில்லாளர்களை நாட்டைவிட்டு அகற்றுமாறு மன்னர் ஜானுக்கு விதித்தது.

இந்த வழுக்கல் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. நஞ்சு தோய்த்த அம்பை விலக்கிய மனுஸ்மிருதியின் அதே இயல், முற்றுகையிடப்பட்ட பகைவனின் நாட்டை வருத்தி, அவனுடைய புல்லையும் உணவையும் விறகையும் நீரையும் கெடுக்கலாம், குளங்களை உடைக்கலாம் என்று பின்னர் அனுமதிக்கிறது. போர்க்களத்தில் ஒரு சத்திரியனின் உடலுக்குள் போகக் கூடாத கேடு, ஊரின் குடிநீருக்குள் போகலாம் என்பது இதன் பொருள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் 14-ஆம் அதிகரணத்தில் நச்சுப்புகை, குருடாக்கும் பொடிகள் முதலியவற்றின் செய்முறைகளைத் தரும்போது, நான்கு வருணங்களைக் காக்கும் பொருட்டு அறமற்றவர்கள் மீது இவற்றைச் செலுத்தலாம் என்ற முன்னுரையோடு தொடங்குகிறது. அறமற்றவர் யார் என்று தீர்மானிக்கும் உரிமை நஞ்சைத் தயாரிப்பவனிடமே இருக்கும்போது, அந்த நிபந்தனை எந்தக் கையையும் தடுக்க வல்லதாகாது.

சங்க இலக்கியமும் இந்த முரணை மறைக்காமல் காட்டுகிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9-ஆம் பாட்டில், அம்பு விடுவதற்கு முன் ஆக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதவரும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவிக்கும் அறநெறி போற்றப்படுகிறது. அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 15-ஆம் பாட்டில், பகைவரின் அகன்ற இடங்களைக் கழுதை பூட்டி உழுது பாழ்செய்த செயலும் புகழாகவே நிற்கிறது. எச்சரிக்கை பெற்று வெளியேறியவர்கள் திரும்பி வருவதற்கு ஊர் இல்லை என்பதை இரண்டு பாட்டுகளையும் சேர்த்துப் படிக்கும் நெஞ்சம் உணராமல் இருக்க முடியாது.

கொல்லாமையை முதல் ஒழுக்கமாகக் கொண்ட பௌத்தத்துக்கும் இந்தச் சோதனை வந்தது. பொது ஆண்டு 5-ஆம் நூற்றாண்டை ஒட்டி இலங்கையில் பாலியில் இயற்றப்பட்ட மகாவம்சம், அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன் மீது படையெடுத்த சிங்கள அரசன் துட்டகைமுனு, புத்தரின் தாதுவை, அதாவது திருவுடலின் எச்சத்தை, தன் ஈட்டியில் பதித்துக்கொண்டு சென்றதாகக் கூறுகிறது. வெற்றிக்குப்பின் பல்லாயிரம் உயிர்களைக் கொன்றதை எண்ணி வருந்திய அரசனுக்கு, இறந்தவர்களில் மும்மணிகளைச் சரணடைந்த ஒருவனும் ஐந்து ஒழுக்கங்களை ஏற்ற மற்றொருவனுமாக ஒன்றரை மனிதர்களே உண்டு, ஏனையோர் விலங்கொத்தவர் என்று துறவிகள் ஆறுதல் கூறியதாகவும் அந்நூல் எழுதுகிறது. அந்த அரசனே எல்லாளனின் நினைவிடத்துக்கு மரியாதை செலுத்துமாறு ஆணையிட்டதாகவும் அதே நூல் பதிவுசெய்திருப்பதால், மன்னனின் வருத்தம் அதைத் தணிக்க வந்த சமயவாதத்தைவிட அறத்துக்கு அருகில் நின்றது என்றே கொள்ள வேண்டும்.

இத்தனை வழுக்கல்களுக்கும் எதிராக ஒரு மாற்று அளவுகோலைத் தருவது மகாபாரதத்தின் சௌப்திக பருவம். உறங்கிக்கொண்டிருந்த பாசறையை இரவில் அழித்த அசுவத்தாமன், பாண்டவர்கள் தேடி வந்தபோது ஒரு புல்லை எடுத்து அதில் பிரமசிரம் என்னும் அஸ்திரத்தை ஏற்றி, பாண்டவர் இல்லாதொழிக என்ற எண்ணத்தோடு விடுத்தான். மனிதர்கள் மீது இதை ஏவலாகாது என்று தந்தை துரோணர் தடுத்திருந்த அஸ்திரம் அது. அருச்சுனனும் அதே அஸ்திரத்தையே எதிர்த்து விடுக்கிறான். ஆனால் விடுக்குமுன் ஆசானின் மகனாகிய அசுவத்தாமனுக்கு முதலிலும், தனக்கும் உடன்பிறந்தாருக்கும் பிறகும் நலம் வேண்டி, அஸ்திரம் அஸ்திரத்தால் தணிக என்று கருதுகிறான். வியாசரும் நாரதரும் இடையே வந்து நின்றபோது, அருச்சுனனால் தன் அஸ்திரத்தைத் திரும்பப் பெற முடிகிறது. புலனடக்கம் இல்லாத அசுவத்தாமனால் முடியவில்லை, அது கருவிலிருக்கும் உயிர்கள் மீது திரும்புகிறது. கருவி ஒன்றே, கல்வியும் ஒரே ஆசானிடம் பெற்றது. வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. திரும்பப் பெறும் ஆற்றல் இல்லாதவன் ஏவும் தகுதியும் இல்லாதவன் என்பது ஒன்று. பகைவனின் நலத்தையும் தன் நலத்தோடு சேர்த்து எண்ணியவனுக்கே அந்த ஆற்றல் கிட்டியது என்பது மற்றொன்று.

இந்த அளவுகோல் ஏந்துபவனோடு நின்றுவிடுவதில்லை. அங்குத்தர நிகாயத்தில் இல்லறத்தார் செய்யத்தகாதவை என்று புத்தர் கூறியதாக வரும் ஐந்து வணிகங்களில் ஆயுத வணிகம் முதலாவது, நஞ்சு வணிகம் கடைசி. போர்க்களத்தை ஒருபோதும் காணாத வணிகனையும் அந்தச் சொற்கள் பொறுப்பாளியாக்குகின்றன. தன் சரக்கு யார் உடலில் சென்று முடியும் என்று அறியாதிருப்பதை அவனுக்குச் சாக்காக அவை ஒப்புக்கொள்ளவில்லை.

லாத்தரன் விதி வழுக்கிய அதே இடத்தில்தான் நவீன காலத்துச் சட்டமும் தடுமாறியது. 1899-இல் ஹேக் நகரில் கூடிய அரசுகள், உடலுக்குள் சென்று விரியும் துப்பாக்கிக் குண்டுகளை விலக்கும் அறிவிப்பை வெளியிட்டபோது, கையெழுத்திட்ட நாடுகள் தமக்குள் நடத்தும் போர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று வரையறுத்தன. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச்சாலையின் பெயரால் அறியப்பட்ட அந்தக் குண்டு குடியேற்ற நாட்டு மக்கள் மீது தேவை என்று பிரிட்டன் அந்த மாநாட்டில் வாதிட்டது. 1139-இன் விதிக்கும் 1899-இன் அறிவிப்புக்கும் இடையே 760 ஆண்டுகள் கடந்தும் விதிவிலக்கு மாறவில்லை. தம்மவர் மீது ஏவத்தகாததெனக் கண்ட ஒரு படைக்கலத்தை அயலார் மீது ஏவ இடம்விடும் எந்த விலக்கும், எந்தச் சமயத்தின் பெயரால் வந்தாலும், எந்தப் பேரவையின் முத்திரையைத் தாங்கினாலும், உடன்படிக்கை ஆகலாமேயன்றி அறம் ஆகாது.