அழகைச் சுமப்பவர்கள்

உலகின் விசித்திரக் கட்டிடங்கள் என்று வண்ணப் படங்களோடு வெளிவரும் நூல்களில், மாலி நாட்டின் ஜென்னே நகரப் பெரிய பள்ளிவாசல் பெரும்பாலும் இடம்பெற்றுவிடும். வெயிலில் காயவைத்த மண்கல்லால் எழுப்பி, மண்ணாலேயே பூசிய பள்ளி அது. கிப்லாப் பக்கச் சுவரில் மூன்று கோபுரங்கள். உச்சிகளில் தீக்கோழி முட்டைகள். சுவர் நெடுகப் பனங்கட்டைகள் கொத்துக் கொத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அலங்காரம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மேசன்மார் ஏறி நின்று பூசுவதற்குக் கழற்றாமல் விட்ட சாரமும் அதுதான். தரம் எட்டு மாணவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டியபோது ஒருவன் கேட்டான்: "மழை பெஞ்சாக் கரையாதா சேர்?"

கரையும். ஆகவேதான் ஆண்டுதோறும் மாரிக்கு முன் ஊரே திரண்டு அதைப் பூசுகிறது. நாட்கணக்கில் களிமண்ணும் உமியும் ஊறிப் புளிக்கின்றன. சிறுவர்கள் மிதித்துக் குழைக்கிறார்கள். பெண்கள் தண்ணீர் சுமக்க, இளைஞர்கள் சேற்றுக் கூடைகளோடு ஓடுகிறார்கள். எந்தப் பகுதியார் முந்துவது என்று போட்டி வேறு. மேசன்மார் கையாலேயே அப்பி வழிக்கிறார்கள். ஒரு நாளில் சுவர் புதிதாகிவிடும். 1907 இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தப் பள்ளியைத் தொட்டுப் பூசாத தலைமுறை அங்கே இல்லை.

பூசாமல் விட்டால் என்னவாகும் என்பதும் அவ்வூருக்குத் தெரியும். முதலில் இருந்த பள்ளி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜென்னேயைக் கைப்பற்றிய சேக்கு அஹ்மது அதன் ஆடம்பரத்தை விரும்பவில்லை. அல்லாஹ்வின் இல்லத்தை இடிக்க யாருக்கு மனம் வரும்? பராமரிக்காமல் விட்டார், மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. 1828 இல் அங்கு சென்ற பிரெஞ்சுப் பயணி ரெனே காயே, கைவிடப்பட்ட அந்தப் பள்ளியில் தகைவிலான் குருவிகள் கூடு கட்டியிருந்ததை எழுதி வைத்திருக்கிறார். எளிமையை நேசித்த ஒருவர் சேற்றுச் சுவரில் ஆடம்பரம் கண்டார் என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆடம்பரம் பொருளில் இல்லை, பார்ப்பவரின் அளவுகோலில் இருக்கிறது என்று அவருக்காக வாதாடவும் இடமுண்டு. அந்த வழக்கை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

என்னை உறுத்துவது பள்ளியல்ல, அதைச் சுற்றியுள்ள வீடுகள். 1988 இல் யுனெஸ்கோ ஜென்னேயின் பழைய நகரத்தையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஏறத்தாழ 2000 மண்வீடுகள். பட்டியலில் ஏறிய பின் அவற்றின் உருவை விருப்பம்போல் மாற்ற முடியாது. தரைக்கு மாபிள் பதிக்கவும் இரும்புக் கதவு போடவும் ஆசைப்படும் குடும்பத்துக்கு, உன் வீடு மனிதகுலத்தின் சொத்து என்று பதில் கிடைக்கிறது. மனிதகுலம் வந்து படம் பிடித்துச் செல்கிறது. மண் பூசும் கூலியும் உமியின் விலையும் வீட்டுக்காரன் தலையில்.

ஒருவன் வாழும் வீட்டின் அழகில் அவ்வீட்டில் வாழாதவனுக்கு உரிமை உண்டா? இல்லவே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வீடுகளை ஒரு தனி மனிதன் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பரம்பரையாக ஒரு மேசன் குடும்பம். தகப்பன் கட்டிய சுவரை மகன் பூசுகிறான். அத்தனை பேரின் கைவேலையை ஒரு கிழமையில் இடித்துத் தள்ள இன்றைய உரிமையாளனுக்கு முழு அதிகாரம் உண்டென்றால், இறந்தவர்களுக்கு அதில் பங்கே இல்லையா? மேலும், வசதியுள்ள சிலர் மண்சுவருக்கு வெளியே சுட்ட ஓடு பதித்தபோது உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே அரித்ததும் உண்டு. புதியதெல்லாம் நன்மை என்பதற்கும் ஆதாரமில்லை.

ஆனால் நம்மில் பலர் களிமண் சுவருக்கும் கிடுகுக் கூரைக்கும் கீழே பிறந்தவர்கள். சீமெந்துக் கல் வாங்கக் கையில் காசு வந்த அன்று நம் வாப்பாமார் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் சட்டி வைத்துக்கொண்டு விழித்திருந்த உம்மாவிடம் மண்வீட்டின் குளிர்ச்சியைப் பற்றிப் பேச எவருக்கும் துணிவு வந்திராது. அப்படியிருக்க, ஜென்னே நகரத்தவனிடம் மட்டும் பொறுமையை எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

ஒரே சேறுதான். பள்ளியில் அதைப் பூசுவது பெருநாள். வீட்டில் அதே வேலை கடன். பள்ளிக்கு மண் சுமப்பவனை எந்தப் பட்டியலும் கட்டாயப்படுத்தவில்லை. அவன் கொடுக்கிறான். வீட்டுக்காரனிடம் இருந்து எடுக்கிறார்கள். அழகு வேண்டுமென்று விதி போடுபவன் பூச்சுக் கூலியையும் சேர்த்துப் போடவேண்டும் என்பது என் கட்சி. கூலி கொடுக்காமல் விதி மட்டும் போட்டால் அதை மரபுரிமை என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

பள்ளிக்குள்ளேயும் இந்தச் சிக்கல் ஒருமுறை புகுந்தது. 2006 இல் திருத்த வேலைக்காகக் கூரையைப் பரிசோதிக்க ஒரு குழு ஏறியபோது ஊர் கொதித்துக் கலவரமாயிற்று. பின்னர் ஆகா கான் அறநிதியத்தின் திருத்தப் பணி நடந்தது. பல தசாப்தப் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துச் சுவருக்கே பாரமாகியிருந்தன. அவற்றைச் சுரண்டி எடுத்தார்கள். 2009 நவம்பரில் கொட்டிய பெருமழையில் ஒரு கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தது. அதையும் மீளக் கட்டினார்கள். வேலை தேவையானதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அக்காலத்தில் வருடாந்தப் பூச்சு நிறுத்திவைக்கப்பட்டது. கட்டிடத்தைக் காக்கும்பொருட்டு, அதைக் காத்து வந்த கைகளைச் சில காலம் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள்.

2012 இல் மாலியில் போர் மூண்டது. உல்லாசப் பயணிகள் வருவது அற்றுப்போயிற்று. 2016 இல் ஜென்னே, ஆபத்திலுள்ள மரபுரிமைகளின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. படம் பிடிக்க வருவோர் அருகிவிட்ட அந்த ஆண்டுகளிலும் மாரிக்கு முன் சேறு ஊறியது. இளைஞர்கள் கூடைகளோடு பள்ளியை நோக்கி ஓடினார்கள்.