நடையும் கோடும்

சீடன்: ஐயா, உட்கார்ந்து வரையும் நிலக்காட்சிக்கும் நடந்து வரைவதற்கும் என்ன வேறுபாடு?

குரு: உட்கார்ந்திருப்பவருக்கு நிலம் எதிரே கிடக்கிறது, நடப்பவருக்குக் காலடியில் கிடக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. ஓரிடத்திலிருந்து பார்த்தால் நிலம் கிடைக்கும், பொழுது நழுவிவிடும். வெயில் ஏறுவதும் கால் தளர்வதும் நடப்பவருக்கே தெரியும். அந்தப் பொழுதைக் கோட்டுக்குள் கொண்டுவருவதே இந்தப் பயிற்சி.

சீடன்: நடையே ஓவியம் ஆகுமா?

குரு: இங்கிலாந்தின் ரிச்சர்ட் லாங் 1967இல், மாணவராக இருந்தபோது, புல்வெளியில் ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னும் நடந்தார். புல் மடங்கிக் கோடு தெரிந்தது, அதைப் படமெடுத்தார். ஒற்றையடிப்பாதையும் அப்படி உண்டாவதுதான். ஆனால் அதை இட்டவர்கள் பலர். இட்ட காலம் பல தலைமுறை.

சீடன்: விருதுநகர்ப் பக்கம் அப்படிப்பட்ட பாதை உண்டா?

குரு: வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் வழி ஒன்று, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மக்கள் ஏறுகிறார்கள். மற்றொன்று வைப்பாற்றங்கரை. அங்குள்ள வெம்பக்கோட்டை மேட்டில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் நுண்கற்கருவிகளும் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் கிடைத்தன. சங்கு கடலில் பிறப்பது. கடற்கரைக்கும் அந்த மேட்டுக்கும் இடையே ஆட்கள் போய்வந்திருக்கிறார்கள்.

சீடன்: சிவகாசியில் அச்சான காலண்டர் படங்களிலும் மலையும் நீரும் உண்டே?

குரு: காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். காலண்டர் படத்தில் மலையும் நீரும் தெய்வத்துக்குப் பின்னே விரித்த திரை. பார்ப்பவர் கண் தெய்வத்திடம் நிற்க வேண்டும் என்பதால் அங்கே அதுதான் பொருத்தம். நடந்து வரைவதில் பின்னணி என்று எதுவும் இல்லை, நிலமே பொருள்.

சீடன்: கரிசல்காடு தட்டையாகக் கிடக்கிறதே, எதை வரைவது?

குரு: இடைவெளியை. நீளமான தாளை விசிறிபோல் மடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். நடக்கும்போது கைக்கு வேலை இல்லை. கண்மாய்க் கரை, பனங்கூட்டம், அய்யனார் கோயில் எனக் கால் நிற்கும் இடத்தில் மட்டும் வரைய வேண்டும். அடுத்த இடம்வரை நடந்த தூரத்துக்கு ஏற்பத் தாளை வெறுமையாக விட வேண்டும். சீமைக்கருவேலங்கரி போதும், மூட்டம் போட்டு அதை எடுப்பது இந்த வட்டாரத்துத் தொழில்.

சீடன்: வெற்றிடம் எப்படிப் பொருளாகும்?

குரு: சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் சின்னச் சின்ன அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளியே நிற்கும். ஓர் அறையில் வெடித்தால் அடுத்த அறைக்குப் பரவாதிருக்க விதி வகுத்த இடைவெளி அது. தொல்காப்பியம் முதற்பொருளோடு, அந்நிலத்துத் தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் அங்கு வாழ்வோரின் உணர்வை உரிப்பொருள் என்றும் சொல்கிறது. மழை குறைந்த மண்ணும் வறண்ட பொழுதும் இங்கே முதற்பொருள். அதை நம்பி வளர்ந்த பட்டாசுத் தொழில் கருப்பொருள். வேலைக்குப் போனவர் திரும்பும்வரை வீட்டார் சுமக்கும் கவலை உரிப்பொருள். பாலைத் திணைக்குரிய பிரிவின் இன்றைய வடிவம் அதுதான். பேருந்தில் போகிறவர் கண்ணுக்கு அந்த இடைவெளி வெறும் பொட்டல். ஓரமாக நடந்து போனவருக்கோ அதன் நீளம் காலில் பதிந்திருக்கும். அந்த நீளத்தைத் தாளில் குறைக்காமல் விட்டால் மூன்று பொருளும் படத்தில் அமைந்துவிடும்.