ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

நல்ல மனத்தோடு செய்யும் காரியம் பயன் தராமற் போனால் அது அறமாகுமா?

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் பெருந்தலைக் கடலாமைகள் மணலில் முட்டையிடுகின்றன. அவ்வினம் அழியாமலிருக்க, அன்புள்ளம் கொண்டோர் பல்லாண்டு காலம் கரையிலே முட்டைகளைக் காத்து வந்தார்கள். 1987-இல் டெபோரா குரூஸ், லாரி கிரவுடர், ஹால் காஸ்வெல் ஆகிய மூவரும் ஆமையின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பிரித்துக் கணக்கிட்டனர். ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை பிழைக்கும், எத்தனை முட்டையிடும் என்பதே அக்கணக்கு. விடை திடுக்கிட வைத்தது. முட்டைகள் அனைத்தையும் காத்தாலும் இனம் தேய்ந்துகொண்டே போகும்! ஆமை முட்டையிடும் வயதை அடையப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் வளர்ந்துவரும் இளம் ஆமைகள் இறால் பிடிக்கும் இழுவை வலைகளில் சிக்கி, மூச்சுமுட்டி மடிந்தன. ஆமை தப்பிச் செல்ல வலையிலே கம்பித் தடுப்பும் வாசலும் வைப்பதே பெரும்பயன் தருமென்று தெரிந்தது. இன்று அமெரிக்கச் சட்டமும் இதை வற்புறுத்துகிறது.

கருணைக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கணக்கு கருணையைக் குறைப்பதில்லை. அது போய்ச் சேரவேண்டிய இடத்தைக் காட்டுகிறது. முட்டையைக் காப்பது வீணன்று. அது மட்டும் போதாது.

முட்டை காப்பது மனதுக்கு இதம். வலையை மாற்றுவதோ மீனவருக்குச் செலவு. அச்சுமையில் இறால் வாங்கி உண்போருக்கும் பங்குண்டு அல்லவா?

நம் மனம் நிறையத் தருமம் செய்கிறோமா, பெறுகின்ற உயிர் பிழைக்கச் செய்கிறோமா? உதவி செய்யப் புறப்படுமுன் நம்மையே கேட்டுக்கொள்வோம்.