மாமனார் வீட்டு முற்றம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுக்கும் கடலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அவன் கண்வளர்ந்தருள்வது திருப்பாற்கடலில். வேதங்களை மீட்க அவன் எடுத்தது மீன் திருவுரு. மந்தர மலையைத் தாங்க எடுத்தது ஆமைத் திருவுரு. அன்று கடைந்த கடலிலிருந்து தோன்றியவள் பெரிய பிராட்டி. ஆகவே சமுத்திரராஜன் பிராட்டிக்குத் தந்தை, எம்பெருமானுக்கு மாமனார். மாசி மகத்தன்று பெருமாள் கடற்கரைக்கு எழுந்தருளும்போதெல்லாம், மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வருகிறார் என்றே அடியேன் அநுபவித்துக் கொள்வதுண்டு.

இது வெறும் கற்பனையும் அன்று. நம் சோழநாட்டுத் திருப்பதியாகிய திருக்கண்ணபுரத்தை நினைத்துப் பாருங்கள். குலசேகரப் பெருமாள் இராமபிரானுக்குத் தாலாட்டுப் பாடிய தலம் அது. அங்கே எழுந்தருளியிருக்கும் சௌரிராஜன், மீனவர் குலத்தில் பிறந்த பத்மினி நாச்சியாரை மணந்தான் என்பது தல வரலாறு. மாசி மகத்தன்று அவன் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, மீனவ மக்கள் "மாப்பிள்ளை வந்தார்" என்று கொண்டாடி எதிர்கொள்கிறார்கள். அகில லோக நாயகனை மாப்பிள்ளை என்று அழைக்கும் உரிமை அந்தக் கரையில் வலை உலர்த்தும் மக்களுக்கு வாய்த்தது. அவனுடைய சௌலப்பியத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீர்த்தவாரி முடிந்த மாலையில் நிகழ்ந்ததை இங்கே விண்ணப்பிக்க வேண்டும். அடியேன் கடலில் நீராடிக் கரையேறி, பிரசாதமும் பூவும் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையை, சிறிதும் யோசனையின்றி அலையில் விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருத்தி, மீனவப் பெண்மணி, இடுப்பளவு நீரில் இறங்கி அதை எடுத்துவந்தாள். கோபமின்றிச் சொன்னாள்: "சாமி, மாப்பிள்ளையை அழைச்சுக்கிட்டு வந்தவங்க நீங்க. மாமனார் வீட்டு முற்றத்துல நீங்களே குப்பையைப் போட்டா, நாங்க யாருகிட்ட போய்ச் சொல்றது?"

எத்தனையோ காலக்ஷேபங்கள் கேட்ட செவிகள் இவை. அன்று அந்த ஒரு வார்த்தை தைத்ததுபோல எதுவும் தைத்ததில்லை. அந்த வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்றுகூட அறியாமல் எத்தனை முறை அந்த வாசலில் நின்றிருக்கிறோம் என்று வெட்கம் மேலிட்டது. அதன்பின் கேட்டும் படித்தும் அறிந்தவற்றில் சிலவற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்களுக்கு நிவேதிக்கிறேன்.

நாகையிலிருந்து தெற்கே வேளாங்கண்ணிக் கடற்கரை வரை சென்று காணும் யாத்திரிகர் பலர். அந்த மணற்பரப்பும் அதனை அடுத்த கரைகளும் தை, மாசி, பங்குனி மாதங்களில் ஒரு தாய்க்குப் பிரசவ அறை. பங்குனி ஆமை என்று வழங்கும் சிற்றாமை, நள்ளிரவில் அலையோடு ஏறிவந்து, பின்கால்களால் மணலில் குழி பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குச் செல்கிறது. நாற்பத்தைந்து நாள் முதல் அறுபது நாள் வரை மணலின் வெம்மையே அம்முட்டைகளுக்கு அடைகாப்பு. மணல் மிகச் சுட்டால் பெண் குஞ்சுகளே மிகுதியாகும். குளிர்ந்தால் ஆண் குஞ்சுகள் பெருகும். வெளிவந்த குஞ்சு, கடல்மேல் தெரியும் மெல்லிய ஒளியை நோக்கி ஓடுகிறது. அவ்வாறு சென்ற பெண் குஞ்சு பல்லாயிரம் கல் திரிந்து வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்து, தான் பிறந்த கரைப்பகுதியை நாடியே முட்டையிட வருகிறது. பேறுகாலத்துக்குப் பிறந்தகம் வரும் மகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அந்த மகளுக்கு நாம் செய்யும் உபசாரம் என்ன? கரையில் நாம் ஏற்றும் மின்விளக்குகளைக் கடலின் ஒளி என்று மயங்கிக் குஞ்சுகள் ஊர்ப்பக்கம் ஊர்ந்து மடிகின்றன. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் அகப்பட்டு நீர்மட்டத்துக்கு வர இயலாமற்போனால் கடலிலேயே மூச்சடைத்து இறக்கும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. கூர்மாவதாரத்தைச் சேவித்துக் கைகூப்பும் நாட்டில் இது நடந்தது. கரையோரத்தில் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்று 1983ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் உண்டு. சட்டம் இருந்தும் மனம் இல்லாவிட்டால் பயன் என்ன?

இன்னும் தெற்கே, தஞ்சை மாவட்டத்துக் கரையான அதிராம்பட்டினத்தை ஒட்டிய பாக் நீரிணையில், ஆவுளியா என்னும் கடற்பசு வாழ்கிறது. பசுவைப்போலவே அது புல்மேயும் பிராணி. கடலடியில் வளரும் கடற்புல்லே அதன் உணவு. கன்றுக்குப் பால் ஊட்டும். பல ஆண்டுகளுக்கொருமுறை ஒரே ஒரு கன்று ஈனும். ஆதலால் ஒன்று மாய்ந்தால் அவ்விடம் நிரம்ப நெடுங்காலம் ஆகும். நம் நாட்டிலேயே முதன்முதலாக 2022 செப்டம்பரில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டர், கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய கடற்பசுவை, வலை போனாலும் போகட்டும் என்று அறுத்துவிட்ட மீனவர்கள் உண்டு. கோபாலனுக்கு உகந்த கைங்கர்யம் இதனினும் வேறு உண்டோ?

அதே நீரில் கடற்குதிரையும் உண்டு. பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் ஏற்றுக் கருவாகச் சுமந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்றெடுக்கிறது. தந்தையே தாயும் ஆகும் அற்புதம்! உலகனைத்தையும் பிரளயகாலத்தில் தன் திருவயிற்றில் வைத்துக் காத்து, பின் வெளியிட்ட பெருமானின் லீலைக்குச் சிறியதொரு சுவடு என்றே அடியேனுக்குத் தோன்றுகிறது.

கண்ணுக்குப் புலப்படாத உயிர்களும் அவ்வீட்டில் உண்டு. 2019 ஆகஸ்டில் ஓர் இரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலச் சுடராய் ஒளிர்ந்ததைக் கண்டு மக்கள் வியந்தனர். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள், அலை மோதும்போது உமிழும் ஒளி அது. காண இனிதுதான். ஆயினும் நகரக் கழிவுநீர் கலந்த கடலில் அவ்வுயிர்கள் அளவுமீறிப் பெருகுவதுண்டு என்றும், அப்போது மற்ற மீன்களுக்கு மூச்சு முட்டும் என்றும் விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். கடலில் மிதக்கும் நுண்தாவரங்களோ, உலகில் உண்டாகும் பிராணவாயுவில் ஏறத்தாழப் பாதியை அளிக்கின்றன. திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் ஆண்டாள் நாச்சியார், மேகம் கடலுள் புகுந்து நீர் முகந்து மழை பொழிவதைப் பாடியிருக்கிறாள். நம் வயலுக்கு நீரும் நம் நெஞ்சுக்கு மூச்சும் அந்த வீட்டிலிருந்தே வருகின்றன. உண்ட வீடு அது.

அந்த வீட்டுக்கு நாம் திருப்பி அனுப்புவது என்ன? காவிரியின் கிளைகளான வெட்டாறும் கடுவையாறும் வெள்ளையாறும் முற்காலத்தில் வண்டலைக் கொண்டுபோய்க் கடலுக்குச் சீர் வைத்தன. இன்று அவற்றோடு பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் போகின்றன. சுமார் பதினோரு கிலோமீட்டர் ஆழமுள்ள மரியானா அகழியின் அடித்தளத்திலும் ஒரு பிளாஸ்டிக் பை கிடக்கக் கண்டிருக்கிறார்கள். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து கடல்நீர் கறுத்தது. முன்பு கடல் கடைந்தபோது முதலில் நஞ்சு வந்தது. பின் அமுதம் வந்தது. நாமோ அமுதம் தந்த கடலுக்கு நஞ்சைக் கொடுக்கிறோம்.

இதில் ஒரு தத்துவமும் அடங்கியிருக்கிறது. சேதனம் அசேதனம் யாவும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது எம்பெருமானார் தரிசனத்தின் உயிர்நிலை. அந்தர்யாமி பிராஹ்மணம் தண்ணீரையும் அவன் சரீரமாகவே பேசுகிறது. திருமஞ்சன வேதியில் எழுந்தருளியிருக்கும் திருமேனிமேல் ஒரு துரும்பு விழுந்தாலும் பதறுகிறோமே. அவனுடைய மற்றொரு திருமேனியில் குப்பையைக் கொட்டுவது பகவதபசாரம் அன்றோ? அந்தக் கடலை நம்பிப் பிழைக்கும் மீனவர்கள் அவனுக்கு உறவினர். அவர்கள் வயிற்றில் அடிப்பது பாகவதாபசாரம். முன்னையதினும் பின்னையது கொடிது என்பது பூர்வாசாரியர்கள் காட்டிய நெறி.

சக்கரவர்த்தித் திருமகனும் சேதுக்கரையில் தர்ப்பையில் கிடந்து மூன்று நாள் கடலரசனிடம் வழிவேண்டியல்லவா நின்றான்? சர்வசக்தனே அனுமதி கேட்ட இடத்தில் நாம் கேளாமலே எல்லாம் செய்கிறோம்.

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. கண்ணபிரானின் துவாரகை அமைந்த குஜராத் கரையில், அம்மணி உளுவை எனப்படும் திமிங்கிலச் சுறா ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டு வந்தது. நாற்பது அடி வரை வளர்ந்தும், நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்ணும் சாது அது. 2001இல் சட்டம் அதற்குக் காப்பளித்தது. 2004இல் இராமகதை உபந்யாசகர் மொராரி பாபு மீனவர்களிடம், "இது பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகள்" என்று எடுத்துச் சொன்னார். அன்றுமுதல் மீனவர்கள் தங்கள் வலையைத் தாங்களே அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களைக் கடலில் விட்டிருக்கிறார்கள். சட்டம் தொடாத இடத்தை உறவு தொட்டது.

அங்கே மகள் என்றார்கள். இங்கே நமக்கு மாப்பிள்ளையே இருக்கிறார். ஆகவே அன்பர்காள்! தீர்த்தவாரிக்கு வருகையில் பூவை ஓலைக்குடலையிலும் பிரசாதத்தை இலையிலும் கொண்டு வாருங்கள். உடுத்த துணியையும் பையையும் பாட்டிலையும் அலையில் விடாதீர்கள். திரும்புகையில் கரையில் கிடக்கும் ஒரு குப்பையையாவது எடுத்து வாருங்கள். அதுவும் கைங்கர்யமே.

அந்த மூதாட்டியை மறுபடி காணும் பேறு அடியேனுக்கு வாய்க்கவில்லை. ஆனால் மாசி மகம்தோறும் நீராடிக் கரையேறியதும், வெறுங்கையோடு திரும்பாமல், ஒரு பை நிறையக் குப்பை பொறுக்கிக்கொண்டே அடியேன் வீடு திரும்புகிறேன். மாமனார் வீட்டு முற்றம் தூய்மையாயிருந்தால் மாப்பிள்ளையின் திருவுள்ளம் உகக்கும். அவன் உகப்பே நமக்குப் புருஷார்த்தம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.