பராமரிப்பு

உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. கோவையில் என்னுடையது இன்னும் ஓடுகிறது. எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் வடிவது கறுப்பு. கறுத்தது அதன் கேடல்ல. எஞ்சினின் கரியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டதன் சாட்சியம். அந்தச் சாட்சியத்தையும் அப்புறப்படுத்திவிடுகிறோம்.

2015-ல் அவினாசி சாலையில் திறந்த ஜி.டி. கார் மியூசியத்தில் பழைய கார்கள் காலத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அது பாதுகாப்பு. பராமரிப்பு வேறு: தேய்மானத்தை ஒப்புக்கொண்டு அதனுடன் தொடர்வது. படைப்பைக் காட்டலாம். பராமரிப்பின் பலனோ ஒன்றும் நிகழாமலிருப்பது. தேயாத பேரிங்கை யாரும் பார்ப்பதில்லை.

நம் அறச் சிந்தனை தியாகம், துரோகம் என்ற உச்சங்களையே அளக்கப் பழகியது. காட்ட ஏதுமற்று, அடுத்த 5,000 கிலோமீட்டரில் மீண்டும் செய்தாகவேண்டிய காரியத்தைச் செய்கிறவனின் — வீடுகளில், பெரும்பாலும் செய்கிறவளின் — நேர்மையை எதைக்கொண்டு அளப்பது?