கண்ணோட்டம் இல்லாத கண்

மூன்று தீபாவளிக்கு முன்பு நடந்தது இது. குளுவாங்கில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் சேர்ந்து, சிரமத்தில் இருக்கும் முப்பது குடும்பங்களுக்கு உணவுக்கூடை கொடுப்பது என்று முடிவு செய்தோம். அரிசி, எண்ணெய், மாவு, பருப்பு, பிள்ளைகளுக்கு ஒரு டின் பிஸ்கட். பட்டியல் தயாரிக்கும் வேலை என்னுடையது. கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற நினைப்பில் பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், முகவரி, மாத வருமானம் எல்லாவற்றையும் எக்செலில் போட்டேன். கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். “வேலை போய்விட்டது.” “சிறுநீரகச் சிகிச்சை, வாரம் மூன்று முறை.” “கணவர் சிறையில்.” வண்ணமெல்லாம் அடித்து, அந்தக் கோப்பைப் புலனக் குழுவில் போட்டேன். குழுவில் இருநூறு பேருக்கு மேல். நன்கொடை கொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பணம் எங்கே போகிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும் என்ற எண்ணம்தான்.

இரண்டு நாள் கழித்து ஓர் அக்கா வீட்டுக்குக் கூடையோடு போனேன். கதவைத் திறந்தார், கிரில்லைத் திறக்கவில்லை.

“எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. அப்பா சிங்கப்பூர்ல வேலையில இருக்காருன்னுதான் என் மககிட்ட சொல்லி வச்சிருந்தேன். நேத்து ஸ்கூல்ல ஒரு பிள்ள அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிருச்சு. அந்தப் பிள்ளையோட அம்மா உங்க குரூப்புல இருக்காங்க.”

கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வேறு என்ன செய்ய?

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது, “விடு மச்சான், தப்புப் பண்ணாதவனுக்கு மறைக்க என்ன இருக்கு?” என்றான். கைப்பேசிச் செயலிகள் நம்மைப் பின்தொடர்வதைப் பற்றிப் பேசினாலும், அரசாங்கம் தகவல் திரட்டுவதைப் பற்றிப் பேசினாலும் நம் வட்டாரத்தில் வரும் பதில் இதுதான். நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த அக்கா என்ன தப்புச் செய்தார்? ஒரு குழந்தைக்கு எதை, எப்போது, யார் வாயால் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை ஒரு தாயிடம் இருந்தது. அதை நான் ஒரு விரல் தட்டலில் பறித்துவிட்டேன். மறைப்பது வேறு, தன் வீட்டுச் சாவியைத் தன் இடுப்பில் வைத்திருப்பது வேறு.

என் பாட்டிக்கு இது நன்றாகத் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். 1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, அதே ஆண்டில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று பிரிட்டிஷார் சட்டம் போட்டார்கள். இன்று நம் பர்சில் இருக்கும் மைகார்டுக்கு அதுதான் கொள்ளுப்பாட்டன். 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. மக்களைக் கம்பிவேலிக்குள் கொண்டுவந்தார்கள். தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து வேலி போட்டார்கள். காட்டில் இருந்தவர்களுக்கு அரிசி போகிறதா என்று காலையில் வாசலில் சோதனை.

“பொம்பளைங்களத் தடவிப் பாக்க ஒரு பொம்பளைய நிறுத்தியிருந்தாங்க. தூக்குச் சட்டியத் தொறந்து கிண்டிப் பாப்பாங்க. நான் ஒரு நாளும் அரிசி கொண்டுபோனதில்ல. ஆனா தெனமும் அரிசி திருடினவ மாதிரிதான் நடந்து போவேன்.”

பாட்டி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஒரு குற்றமும் செய்யாதவரை அந்தச் சோதனை என்ன செய்தது என்பது அந்தக் கடைசி வார்த்தையில் இருக்கிறது.

சரி, இன்றைக்கு வருவோம். இப்போது வேலியும் இல்லை, தடவுகிற கையும் இல்லை. அதனால்தான் நமக்கு வலிக்கவில்லை. 2017 அக்டோபரில் லோயாட் இணையத்தளம் ஒரு செய்தி வெளியிட்டது: 4 கோடியே 62 லட்சம் மலேசியக் கைப்பேசி எண்களின் விவரங்கள், அடையாள அட்டை எண், முகவரியோடு வெளியே கசிந்திருந்தன. நாட்டின் மக்கள் தொகையே அப்போது சுமார் 3 கோடியே 20 லட்சம்தான்! நம் அடையாள அட்டை எண்ணும் லேசுப்பட்டதல்ல. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். என் அம்மாவுக்குப் “போலீஸ் தலைமையகத்திலிருந்து” என்று அழைத்தவன், முதலில் அந்தப் பன்னிரண்டு இலக்கத்தையும் அவரிடமே ஒப்பித்துக் காட்டினான். அதனால்தான் அம்மா நம்பினார். நல்லவேளை, வங்கிக்குப் புறப்படும்போது நான் வீட்டில் இருந்தேன்.

2025-இல் தொடர்பு, பல்லூடக ஆணையம் அந்த ஆண்டின் முதல் மூன்று மாதக் கைப்பேசி அழைப்பு, இட விவரங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேட்டது என்ற செய்தி வந்தபோது நாட்டில் கொஞ்சம் சலசலப்பு. சுற்றுலா, தொலைத்தொடர்புப் புள்ளிவிவரங்களுக்குத்தான், ஆளை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இல்லை என்று ஆணையம் விளக்கியது. நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா? 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரின் கைப்பேசி நடமாட்டத்தை எடுத்துப் பார்த்தது. எந்த நேரத்தில் எந்த இடம் என்ற நாலே நாலு புள்ளி போதும், நூற்றுக்கு 95 பேரைத் தனியே பிரித்துவிடலாம் என்றது. குளுவாங் மாதிரி ஊரில் நாலு புள்ளியே அதிகம். இரவெல்லாம் ஒரு தாமானில் தூங்கும் கைப்பேசி, பகலில் ஒரு தொழிற்சாலையில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில், மாதம் ஒரு தடவை சிம்பாங் ரெங்கம் சிறைச்சாலைப் பக்கம். பெயர் வேண்டுமா?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று நமக்கு இருக்கிறது. 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2024 திருத்தத்தில் அபராத உச்சவரம்பு 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. கடைக்காரருக்கு ஒரு சட்டம், துரைக்குச் சட்டமில்லை என்று பாட்டி சொல்லியிருப்பார்.

சமய வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “சார், கடவுள் எல்லாத்தையும் பாக்குறாருன்னு சொல்றீங்க. அதுக்குப் பயப்படல, கேமராவுக்கு மட்டும் ஏன் பயப்படணும்?” நல்ல கேள்வி. அன்று எனக்குப் பதில் வரவில்லை. பிறகு யோசித்தேன். சித்திரகுப்தன் நம் கணக்கை எழுதுகிறான், உண்மை. ஆனால் அவன் நல்லதையும் எழுதுகிறான். எமதர்மனின் சபைக்கு வெளியே அந்த ஏட்டை அவன் வாசித்ததாகவோ, யாருக்கும் விற்றதாகவோ நான் கேட்ட எந்தக் கதையிலும் இல்லை.

உளவே கூடாது என்று நம் மரபு சொல்கிறது என்று சொன்னால் அது பொய். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஒரு முழு அதிகாரம் இருக்கிறது, 59-ஆவது. ஒற்றர்களை அரசனின் கண் என்கிறார் வள்ளுவர். ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொருவனை வைத்துச் சரிபார்க்கவும் சொல்கிறார். அதற்கு முந்திய 58-ஆவது அதிகாரம் என்ன தெரியுமா? கண்ணோட்டம். பார்க்கிற கண்ணில் இருக்க வேண்டிய இரக்கம். இரண்டும் கண்ணைப் பற்றியவை. இரக்கத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் வேவு பார்ப்பதற்கு வருகிறார். வரிசை தற்செயலாகவே இருக்கட்டும். எனக்கு அது போதும். கணினிக்குக் கண்ணோட்டம் கிடையாது. அன்று எனக்கும் இல்லை, நல்லது செய்கிற அவசரத்தில்.

இப்போது நாங்கள் பட்டியல் எழுதுவதை நிறுத்தவில்லை; எழுதாமல் முப்பது வீட்டை நினைவில் வைக்க முடியாது. ஆனால் பெயரும் வீட்டு எண்ணும் மட்டும், காகிதத்தில், இரண்டு பேரிடம். தீபாவளி முடிந்ததும் கிழித்துவிடுகிறோம். அடையாள அட்டை எண் கேட்பதில்லை. ‘காரணம்’ கட்டம் இல்லை. நன்கொடையாளர் ஒருவருக்கு இதில் வருத்தம், யாருக்குப் போகிறது என்று தெரியாமல் எப்படி என்றார். கூடை கட்ட வாருங்கள், நீங்களே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றோம். இதுவரை வரவில்லை.

பழைய கோப்பை அன்றே குழுவிலிருந்து அழித்தேன். எல்லாரிடமும் அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். போன மாதம் அண்ணன் ஒருவர் புதுக் கைப்பேசி வாங்கியிருக்கிறார். பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும்போது கண்ணில் பட்டதாம். “தம்பி, இந்த லிஸ்ட் இன்னும் வேணுமா?” என்று கேட்டு, அந்த முப்பது பெயரையும் எனக்கே அனுப்பியிருந்தார்.