நம்மவர் யார்?

வாடகைக்கு வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியிருக்கும். வீட்டைப் பார்த்துவரப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டுதான் காலையில் புறப்படுகிறோம். அங்கே போனதும் வீட்டுக்காரர் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். சுவரில் விரிசல் உண்டா, குழாயில் தண்ணீர் வருமா என்று நாம் ஆராய்வதற்குள், நாம் யார், எந்த ஊர், எந்தக் குலம், என்ன உண்பவர், வீட்டில் எத்தனை பேர் என்று அவர் ஆராய்ந்து முடித்திருப்பார். அந்தப் பார்வைக்கு ஆளாகி நிற்பது எவ்வளவு கசப்பானது என்பதை 2008ஆம் ஆண்டுக் கோடையில் என் குடும்பம் அறிந்துகொண்டது. ஆனால் அந்தக் கசப்பிலிருந்து நான் கற்ற பாடம் பிறரைப் பற்றியது அன்று, என்னைப் பற்றியது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

அந்த ஆண்டு மே மாதம், வங்கிப் பணியில் எனக்கு மதுரையிலிருந்து பெங்களூருக்கு மாற்றல் வந்தது. மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 74 வயதான என் தாயார், நான் என நாங்கள் ஐவர். வங்கியின் விருந்தினர் அறையில் ஒரு மாதம் தங்கலாம். அதற்குள் வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் பிறந்தால் பள்ளிகள் திறந்துவிடும். மதுரையில் இருந்த சொந்த வீட்டைப் பூட்டி, அதை வாடகைக்கு விடும் பொறுப்பை ஒரு தரகரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். அவரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னேன்: "நம்மவர்களாகப் பார்த்துக் கொடுங்கள்." அதைச் சொல்லும்போது எனக்கு எவ்விதத் தயக்கமும் இருக்கவில்லை.

படிகளும் கேள்விகளும்

பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். தரகருக்கு ஒரு மாத வாடகை. பதினொரு மாதத்திற்கு ஒப்பந்தம். காலி செய்யும்போது வெள்ளையடிப்பதற்கென்று முன்பணத்தில் ஒரு பிடித்தம். இவற்றைக் கேட்டபோது மலைப்பாக இருந்ததே தவிர, மனம் புண்படவில்லை. பணத்தைப் பற்றிய கண்டிப்பு வருவோர் எல்லோருக்கும் பொதுவானதல்லவா?

பிறகுதான் மற்றக் கேள்விகள் வந்தன. "சைவமா?" என்று முதலில் கேட்டார்கள். "ஆம்" என்று சற்றுப் பெருமிதத்துடனேயே சொன்னேன். அந்தக் கேள்வி எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. தோன்றாததன் காரணம் இப்போது புரிகிறது: விடை எனக்குச் சாதகமாக இருந்தது. எனக்கு முன்னே அதே படியேறி, அதே கேள்விக்கு வேறு விடை சொல்லித் திரும்பிப் போனவர்களைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மல்லேஸ்வரத்தில் ஒரு பெரியவர் எங்களை அன்போடு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பிறகு தரகரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அதில் ஒரு சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது: "நம்மவரு." தமிழில் நம்மவர், கன்னடத்தில் நம்மவரு. மொழிபெயர்ப்பே வேண்டாத சொல். நம்மவருக்குத்தான் வீட்டைக் கொடுப்பதாக இருக்கிறோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். படியிறங்கும்போது எனக்குச் சினம் பொங்கியது. 'மனிதரை மனிதராகப் பார்க்கத் தெரியாதவர்கள்' என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ராஜாஜிநகரில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடித்தாயிற்று. மறுநாள் அம்மாவிடம் காட்டுவதற்காக அழைத்துச் சென்றேன். மூட்டுவலியால் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூன்று படி ஏறினார், மேல்மூச்சு வாங்கியது. வீட்டுக்கார அம்மையார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று இரவு தரகர் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் மனம் மாறிவிட்டதாகச் சொன்னார். காரணத்தை வற்புறுத்திக் கேட்டேன்.

"வயதானவர்கள் இருந்தால் யோசிக்கிறார்கள், சார். வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் பரிகாரம், சாந்தி என்று பல தொல்லைகள். அடுத்து வருகிறவர்களும் தயங்குவார்கள். இனிமேல் அம்மாவை அழைத்து வராதீர்கள். முதலில் வீடு முடியட்டும், பிறகு மெல்ல அழைத்துக்கொள்ளலாம்" என்றார்.

சிறிய அறை, அம்மா அருகில்தான் படுத்திருந்தார். தொலைபேசியில் வந்த குரல் அவருக்குக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு காலையில், "எனக்குக் கால் வலிக்கிறதப்பா. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அவராகவே சொன்னார்.

நால்வர் என்று சொன்ன நாள்

அன்று பனசங்கரியில் ஒரு வீட்டைப் பார்த்தோம். வீட்டுக்காரர் வழக்கமான கேள்விகளைக் கேட்டுவிட்டு, "மொத்தம் எத்தனை பேர்?" என்றார். "நாங்கள் நால்வர்" என்றேன். மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் திருப்தியுடன் தலையசைத்தார். மறுநாள் முன்பணத்துடன் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டோம். ஆட்டோவில் வரும்போது ஒன்பது வயது மகள் கேட்டாள்: "அப்பா, பாட்டி நம்மோடு இருக்கப் போவதில்லையா?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. என்னைப் பெற்றவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு ஒரு வீட்டைப் பெற்றிருந்தேன்.

அன்று மாலையே மதுரைத் தரகர் அழைத்தார். "ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடும்பத்தோடு வந்து வீட்டைப் பார்த்தார், சார். மாற்றலாகி வந்திருக்கிறாராம். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தது; கேட்ட வாடகையைத் தருகிறேன் என்றார். ஆனால் நம்மவர் இல்லை. அதனால், வீடு வேறொருவருக்குப் பேசியாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டேன்" என்றார். நான் சொன்னதைச் சரியாகச் செய்துவிட்ட நிறைவு அவர் குரலில் இருந்தது.

நம்மவர்! மல்லேஸ்வரத்துப் பெரியவர் வாயிலிருந்து வந்தபோது என்னைச் சுட்ட அதே சொல். அதை அவருக்கு முன்பே நான் சொல்லியிருந்தேன். அவராவது காபி கொடுத்து அனுப்பினார்.

"என்னப்பா விஷயம்?" என்று அம்மா கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாவம், அவர்களும் இப்போது யார் வீட்டுப் படியில் நிற்கிறார்களோ" என்றார். என்னைக் குற்றம் சாட்டிச் சொன்னதன்று. முகமறியாத ஒரு குடும்பத்திற்காக வருந்தினார், அவ்வளவே.

உடனே மதுரைக்கு அழைத்து, அந்த ஆசிரியரையே திரும்ப அழைக்கச் சொன்னேன். தரகர் அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வைத்திருக்கவில்லை. அவர் பெயர்கூட இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் பனசங்கரி வீட்டுக்காரரை அழைத்து, நாங்கள் நால்வர் அல்லர், ஐவர் என்று சொன்னேன். எதிர்பார்த்தபடியே அந்த வீடும் கைவிட்டுப் போயிற்று. ஆயினும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வந்தது.

உரிமையும் அறமும்

'என் உழைப்பில் கட்டிய வீடு. அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லையா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைப் பாழாக்காமல் வைத்துக்கொள்வாரா, கேட்கும்போது காலி செய்வாரா என்ற கவலை வீட்டுக்காரருக்கு இருப்பது இயல்பு. ஒரே கூரையின்கீழ் வாழப் போகிறவர்கள் தத்தம் பழக்கங்களைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்வதும் முறையே. இவையெல்லாம் ஒருவருடைய நடத்தையைப் பற்றிய கேள்விகள். நடத்தை அவரவர் கையில் இருப்பது. அதற்கு அவரைப் பொறுப்பாக்கலாம். குலமும் தாய்மொழியும் முதுமையும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றைக் காரணம் காட்டி வாயிலைச் சாத்தும்போது, எதிரே நிற்பவரைப் பாராமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

நமது அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றில் சமயம், சாதி, பிறப்பிடம் முதலியவற்றைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தனியார் வாடகை வீடு அந்தப் பட்டியலில் சொல்லப்படவில்லை. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைக் கடைப்பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆனால், "வேறொருவருக்குப் பேசியாயிற்று" என்று புன்னகையோடு சொல்லி அனுப்புகிறவரை எந்தச் சட்டம் பிடிக்க முடியும்? வீட்டு வாயிலில் நடப்பதைப் பார்க்கும் சாட்சி நம் மனம் ஒன்றுதான். சட்டத்தின் கை எட்டாத இடத்தில்தான் ஒருவனுடைய அறம் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, நம் நாட்டு நகரங்களில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன. அதே நகரங்களில் எத்தனையோ குடும்பங்கள் வீடு தேடி அலைந்துகொண்டிருந்தன. வீடுகள் காலியாக இருப்பதற்குப் பொருளாதாரக் காரணங்கள் பல உண்டு. ஆனால் நான் அறிந்த ஒரு வீடு, மதுரையில், என் ஒரு சொல்லால் பூட்டிக் கிடந்தது.

இடைகழியில் மூவர்

திருக்கோவலூர் இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த வரலாறு நாம் அறிந்ததே. மழை பெய்யும் இருண்ட இரவில் பொய்கையாழ்வார் அங்கே ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வருகிறார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம் என்று இடம் கிடைக்கிறது. பேயாழ்வார் வருகிறார். இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மீண்டும் இடம் கிடைக்கிறது. நான்காவதாக ஒருவர் நெருக்குவதை மூவரும் உணர்கிறார்கள். அவன் இறைவனே என்று காண்கிறார்கள்.

அந்த நிகழ்ச்சியில் இரண்டு செய்திகளை நான் வெகுநாள் கவனிக்காமல் இருந்துவிட்டேன். ஒன்று: இடம் கொடுத்த பொய்கையாழ்வாருக்கு அந்த இடம் சொந்தமன்று, அவரும் மழைக்கு ஒதுங்க வந்தவரே. மற்றொன்று: அது இருட்டு. வந்தவர் யார் என்று முகம் பார்த்து அறிய வழியில்லை. வெளியே ஒருவர் நனைகிறார் என்பது ஒன்றே அங்கே போதுமான செய்தியாக இருந்தது. நாமோ பகல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, ஒருவருடைய எல்லா விவரங்களையும் கேட்டறிந்த பின்னும், அவர் நனைவதை மட்டும் காணாதிருக்கிறோம்.

கீழ்வீடு

ஜூன் முதல் வாரத்தில் விஜயநகரில் ஒரு வீட்டைப் பார்க்கச் சென்றோம். இம்முறை அம்மாவையும் அழைத்துச் சென்றேன். மாடியில் தனியே வசித்த ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை ஒருவர் அந்த வீட்டின் உரிமையாளர். நான் முந்திக்கொண்டு, "நாங்கள் ஐவர். அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி உண்டு" என்றேன். அவர் அம்மாவின் காலைப் பார்த்தார். "குளியலறைத் தரை வழுக்கும். ஒரு கைப்பிடி வைத்துத் தரச் சொல்கிறேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் அம்மா நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். மாலை வேளைகளில் இருவரும் வாசலில் அமர்ந்து, ஒருவர் தமிழிலும் ஒருவர் கன்னடத்திலுமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். 2012ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையில் அம்மா அந்த வீட்டிலேயே காலமானார். பிறர் எது நடந்துவிடும் என்று அஞ்சி வாயிலைச் சாத்தினார்களோ, அது நடந்தது. செய்தி கேட்டு இறங்கி வந்த அந்த அம்மையார் தலைமாட்டில் விளக்கேற்றிவிட்டு, அங்கேயே வெகுநேரம் அமர்ந்திருந்தார். காலி செய்யுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அதன்பின் மேலும் மூன்று ஆண்டுகள் அங்கேயே இருந்தோம். வீட்டுக்கு எந்தக் குறையும் நேரவில்லை.

மதுரை வீட்டில் இதுவரை மூன்று குடும்பங்கள் குடியிருந்துவிட்டன. வாடகையையும் வீட்டுப் பராமரிப்பையும் தவிர வேறெதையும் கேட்க வேண்டாம் என்று தரகரிடம் சொல்லியிருக்கிறேன். இதை ஒரு நற்செயலாக நான் எண்ணவில்லை. பெயர் தெரியாத அந்த ஆசிரியருக்குச் செலுத்த முடியாத கடனை, வேறு யாருக்கோ சிறிது சிறிதாகச் செலுத்தி வருகிறேன்.

உடலையே சில காலம் தங்கிப்போகும் வீடாகக் கண்டது நம் முன்னோர் மரபு. அந்த வீட்டுக்கே நாம் உரிமையாளர் அல்லர் என்றால், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீட்டின் வாயிலில் நின்று, "நீ நம்மவனா?" என்று கேட்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? நம்மவர் என்று யாரும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டு வருவதில்லை. இடம் கொடுத்த பிறகே அப்படி ஆகிறார்கள். விஜயநகர் வாசலில் ஒவ்வொரு மாலையும் என் தாயாரோடு அமர்ந்து பேசிய அந்த அம்மையார் எங்களுக்கு நம்மவரானது அப்படித்தான்.